டீ குடிக்காத டிரைவர்கள்

சனத்நகரில் அந்தத் தகர ஷெட்டுக்கு எதிரே இருந்த இரானி டீக்கடையில் கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். மே மாதத்து மத்தியான வெயிலில் ரோட்டின் தார் இளகிக் கிடந்தது. கடைக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டே பேர்.

ஒருத்தி ரோஸ்லின். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், வேலையை விட்டுவிட்டு செகந்திராபாத்தில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவள். நாற்பதைத் தாண்டியவள். மற்றவன் அவளுடைய உதவியாளன் பிரசன்னா. சாஃப்ட்வேர் வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்தவன். வந்த கம்பெனி மூட்டை கட்டியதும் இவளிடம் ஒட்டிக்கொண்டான். வேலைதான் போனதே தவிர, வாய் போகவில்லை.

"பிரசன்னா, டீ குடிக்காத டிரைவரை எங்கயாச்சும் பார்த்திருக்கியா?"

"பாத்திருக்கேன்க்கா. போட்டோவுல. மாலை போட்டு, பக்கத்துல ஊதுபத்தி பொருத்தி வச்சிருந்தாவ."

ரோஸ்லின் சிரிக்கவில்லை. எதிரே காட்டினாள்.

ஒரு காலத்தில் அந்த ஷெட்டில் லேத் மெஷின்கள் ஓடின. இப்போது அது ஒரு டிராவல்ஸ்காரரின் கேப் நிறுத்துமிடம். கொண்டாப்பூரிலும் மாதாப்பூரிலும் இருக்கும் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வெள்ளை டவேராக்களும் இண்டிகாக்களும் உள்ளே வரிசையாக நின்றன. வெளியே நிழலில் டிரைவர்கள் வரிசையாக நின்றார்கள். மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் மெடிக்கல் கேம்ப். ரத்த அழுத்தம் அதிகமாக இருந்தால் அன்றே சாவியை வாங்கிக்கொள்வார்கள். அத்தனை பேர் நின்றும் அங்கே பேச்சுச் சத்தமே இல்லை. யாரும் பீடி பிடிக்கவில்லை, பான் போடவில்லை. சாவு வீட்டில்கூட இவ்வளவு அமைதியாக நிற்க மாட்டார்கள்.

"கைக்கு பாய், ஏன் இவங்க யாரும் உங்க கடைக்கு வரல?" என்று ரோஸ்லின் கடைக்காரரிடம் கேட்டாள்.

"கேம்ப் நாள்னா இப்படித்தாம்மா. மத்த நாள்ல என் டீ குடிக்காம ஒருத்தன் வண்டி எடுக்க மாட்டான். கேம்ப் அன்னிக்கு மட்டும் என் பக்கமே திரும்ப மாட்டானுங்க. டெஸ்ட் முடிஞ்சு வந்து தலைவலி மாத்திரை இருக்கான்னு கேப்பானுங்க" என்றார் அவர் அரைத் தமிழில். செகந்திராபாத் தமிழர்களோடு பழகிப் பழகி வந்த தமிழ்.

ரோஸ்லின் அதை மனதில் போட்டுக்கொண்டாள். ஆனால் அவள் வந்தது வேறு ஒரு விஷயத்துக்கு.

போன கேம்ப் அன்று சாயங்காலம் ஏனோக் என்ற டிரைவர் இதே ஷெட்டிலிருந்து டவேராவை எடுத்தான். கொண்டாப்பூரில் சபீனா என்ற பெண்ணை ஏற்றினான். நாகர்கோவிலிலிருந்து வேலைக்கு வந்து இன்னும் வருஷம்கூட ஆகவில்லை அவளுக்கு. வெளிச்சம் இருந்தது, மழை இல்லை, ரோட்டில் கூட்டமும் இல்லை. வண்டி நேராகப் போய் ஓரத்தில் நின்ற கான்கிரீட் லாரியின் பின்னால் செருகிக்கொண்டது. பிரேக் போட்ட தடம்கூட இல்லை. சபீனா அந்த இடத்திலேயே செத்துப்போனாள். ஏனோக் விலா எலும்பும் தொடை எலும்பும் உடைந்து, காவலுக்கு ஒரு போலீஸ்காரரோடு அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடந்தான். குடித்திருக்கவில்லை. ஒன்று தூங்கியிருக்க வேண்டும், இல்லை செல்போன் பேசியிருக்க வேண்டும் என்பது போலீஸ் கணக்கு. நிரூபணமானால் ஜெயில்.

அவன் மனைவி பிளெசி ரோஸ்லினைத் தேடி வந்தாள். "அவருக்கு பிரஷர் இருக்கு அக்கா. கோபம் வந்தா மூஞ்சி செவந்துடும். அவங்க அப்பாவும் பிரஷர்லதான் போனாரு. அந்த டாக்டர் சரியா பார்க்காம ஃபிட்னு எழுதிட்டாரு. டாக்டரைப் பிடிங்க, என் வீட்டுக்காரரு வெளிய வந்துடுவாரு."

அழுதுகொண்டேதான் சொன்னாள். ஆனால் அழும்போதும் அவள் கை சும்மா இருக்கவில்லை. பிரசன்னா தட்டில் வைத்த வேர்க்கடலையில் உடைந்ததையும் கோணலானதையும் விரலால் ஒரு ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருந்தாள். ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. "கடலைக்கும் ஃபிட்னஸ் பாக்குதாவளே!" என்று அவள் போனபிறகு பிரசன்னா சொன்னான்.

நேற்று ஆஸ்பத்திரியில் ஏனோக்கைப் பார்த்தபோது ரோஸ்லின் ஒரே கேள்விதான் கேட்டாள். "அன்னிக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?" அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். "கேஸை விட்டுடுங்க அக்கா. நக்கோ" என்றான். அவ்வளவுதான். தன்னைக் காப்பாற்ற வந்தவளைப் பார்த்து வேண்டாம் என்கிறவனை ரோஸ்லினுக்குப் புரியவில்லை. புரியாதது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"சரி, நீ போ. புது டிரைவர்னு சொல்லி லைன்ல நில்லு. டாக்டர் எப்படிப் பார்க்குறார்னு எனக்குத் தெரியணும்" என்றாள்.

பிரசன்னா வெள்ளைச் சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டு போனான்.

வரிசையில் அவனுக்கு முன்னால் யாதகிரி என்ற பெரிய மீசைக்காரன். சட்டைப் பையில் பெயர் தைத்திருந்தது. "அண்ணே, டாக்டர் ரொம்பக் கெடுபிடியா?" என்று பிரசன்னா கேட்டான். யாதகிரி "ம்" என்றான். தமிழ் தெரியாது போல என்று இந்தியில் கேட்டான். அதற்கும் "ம்". தெரிந்த நாலு வார்த்தைத் தெலுங்கில் கேட்டதற்கும் அதே "ம்".

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கான்?" என்று முணுமுணுத்துக்கொண்டே பின்னால் திரும்பினான். பின்னால் நின்ற ஒல்லி டிரைவர் கலேப், செகந்திராபாத் தமிழன், அவனும் உதடுகளை இறுக்கி மூடியிருந்தான். கண்ணில் மட்டும் ஒரு பயம் தெரிந்தது. கலேப் ஏனோக்கின் சிநேகிதன். இரண்டு பேரும் ஒரே சர்ச்.

ஷெட்டுக்குள் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர் டாக்டர் பாலச்சந்திரன். ரயில்வேயில் இன்ஜின் டிரைவர்களைப் பரிசோதித்தே ரிட்டயரானவர். பார்த்த மாத்திரத்தில் பிரசன்னாவுக்கு ஒன்று புரிந்துவிட்டது. இந்த மனுஷன் ஏமாற்றுகிற ஜாதி இல்லை. ஒவ்வொருவரையும் நாற்காலியில் சாய்ந்து உட்கார வைத்து, மூச்சு அடங்கும்வரை காத்திருந்து, கையில் பட்டையைச் சுற்றி, ஸ்டெத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சந்தேகம் வந்தால் இன்னொரு தடவை பார்த்தார்.

யாதகிரி பாஸ். அடுத்தது பிரசன்னா.

டாக்டரின் புருவம் ஏறியது. இரண்டாம் தடவை காற்றடித்துப் பார்த்தார். "தம்பி, உனக்கு என்ன வயசு? நூத்தைம்பதுக்கு நூறு இருக்கு. காலையிலிருந்து பார்த்ததுல உனக்கு ஒருத்தனுக்குத்தான் ஏறியிருக்கு. ஐம்பது வயசுக்காரனுக்கெல்லாம் ஸ்கூல் பையன் மாதிரி ஓடுது. நீ வண்டியையே தொடக் கூடாது."

பிரசன்னாவுக்கு வேஷம் மறந்துபோனது. "நான் எங்க டாக்டர் வண்டி ஓட்டினேன்? இத்தன வருஷமா ஓட்டினது மவுஸ் ஒண்ணுதான். அதுவும் ஒழுங்கா ஓட்டலன்னு அனுப்பிட்டாவ."

பின்னால் கலேப் பக்கென்று சிரித்துவிட்டான்.

சிரித்த வாயிலிருந்து மஞ்சளாக எச்சில் வழிந்தது. கூடவே ஏதோ ஒன்று தரையில் விழுந்தது. கலேப் சட்டென்று அதைக் காலால் மிதித்து மறைக்கப் பார்த்தான். அதற்குள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ரோஸ்லின் குனிந்து எடுத்துவிட்டாள். பட்டாணி அளவுக்கு, ரப்பர் போல மெத்தென்று ஒரு குளிகை. ஊசியால் குத்திய ஓட்டை. உள்ளே பாதி மருந்து மிச்சம் இருந்தது.

"டீ குடிக்க முடியாது. பேச முடியாது. நாக்குக்கு அடியில இது இருந்தா வாயை எப்படித் திறக்குறது?" என்றாள்.

டாக்டர் அதை வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் வற்றியது.

"இது... பிரஷர் ஒரேயடியா ஏறிப்போய் ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவனுக்கு வைக்கிறது. கொஞ்ச நேரத்துல இறக்கிடும். தலைவலி வரும், மூஞ்சி சிவக்கும். இதை வெச்சுக்கிட்டா என்கிட்ட வந்து உட்கார்ந்தாங்க? நான் நல்ல நம்பர் வருதேன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேனே!"

"பிரஷர் இல்லாத ஆள் வெச்சுக்கிட்டா என்ன ஆகும் டாக்டர்?"

"என்ன ஆகும்? நல்லா இருக்கிறது பாதாளத்துக்கு இறங்கும். கண்ணு இருட்டும். நின்னுட்டிருந்தா கீழே விழுவான். வண்டி ஓட்டிட்டிருந்தா..."

ரோஸ்லின் கலேப்பின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "ஏனோக்கும் வெச்சானா?"

"ஹவ் அக்கா, வெச்சான்" என்றான் கலேப். "எல்லாரும் வெப்போம். பிரஷர் இருக்கோ இல்லையோ, சேஃப்டிக்குன்னு வெப்போம். லைன்ல நிக்கும்போது பயத்துலயே ஏறிடுது அக்கா. ஒரு நம்பர் கூடிப்போச்சுன்னா சாவியைப் புடுங்கிடுறாங்க."

"ஏனோக்குக்கு பிரஷர் இருந்துச்சா?"

"எங்க இருந்துச்சு? போன கிறிஸ்துமஸுக்கு சர்ச்சுல பார்த்தாங்க. எங்க எல்லாரிலும் அவனுக்குத்தான் நல்லா இருந்துச்சு. ஆனா அன்னிக்கு அவன் ரெண்டு வெச்சான்."

"யார் கொடுத்தது?"

கலேப் தலையை வேகமாக ஆட்டினான். "பேர் மட்டும் கேக்காதீங்க அக்கா. நல்ல மனசோட கொடுத்தது."

அதற்குள் சூப்பர்வைசர் சங்கர் வந்துவிட்டான். சென்னைக்காரன். காதில் ஒரு போன், கையில் ஒரு போன். டாக்டர் விஷயத்தைச் சொல்லி, இன்று ஒரு வண்டியும் போகக் கூடாது என்றார். சங்கர் டிரைவர்கள் பக்கம் திரும்பி, "யாராச்சும் மாத்திரை போட்டீங்களாய்யா?" என்று தெலுங்கில் கேட்டான். வரிசை மொத்தமும் இல்லை என்று தலையை ஆட்டியது. வாயைத் திறக்கச் சொன்னான். எல்லோரும் திறந்தார்கள். எல்லா வாயும் காலி. கிடைத்த நேரத்தில் விழுங்கிவிட்டிருந்தார்கள்.

"பார்த்தீங்களா? ஒருத்தன் வாய்ல ஒண்ணு இருந்துச்சு. அதுக்காக எல்லா வண்டியும் நிறுத்த முடியுமா? அஞ்சு மணிக்கு பிக்கப். லேட் ஆச்சுன்னா கான்ட்ராக்டே போயிடும். நீங்களே இவங்களுக்கெல்லாம் ஃபிட்னு சொல்லிட்டீங்க டாக்டர். அப்புறம் என்ன?"

தான் சொன்ன வார்த்தையே தன் கழுத்தை நெரிப்பதை டாக்டர் உணர்ந்தார். பாவமாக இருந்தது பார்க்க. "ஆம்புலன்சையாவது கூப்பிடுறேன்" என்று போனை எடுத்தார். விழாத ஆளுக்கு எந்த ஆம்புலன்ஸ் வரும்?

"கொடுத்த ஆள் வந்து சொல்லணும். வேற யார் சொன்னாலும் இவங்க இறங்க மாட்டாங்க" என்றாள் ரோஸ்லின். "வா."

அவளுடைய பழைய மாருதி பாலாநகரைத் தாண்டியது. டாக்டரிடமிருந்து திரும்ப வாங்கி வந்த குளிகையை ரோஸ்லின் பிரசன்னாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"என்ன தெரியுது?"

"மாத்திரை தெரியுது. பிரசவத்துலயே ஏதோ கோளாறு. ரெண்டு பாதியும் ஒட்டின கோடே கோணிப்போயிருக்கு."

"ஹவ். கடையில வாங்கினா இப்படி இருக்குமா?"

"அடிச்சு விரட்டிருவான்லா."

"அப்போ இது கடைக்கே போகல. ஃபேக்டரியிலேயே கோணலா இருக்குன்னு பொறுக்கி எடுத்துப் போட்டது. மெஷின் பொறுக்காது. வெளிச்சம் போட்ட மேஜைக்கு முன்னால வரிசையா பெண்கள் உட்கார்ந்து, நல்லதை விட்டுட்டுக் கெட்டதை மட்டும் விரலால ஓரமாத் தள்ளுவாங்க. நாள் முழுக்க அதே வேலை. அந்தக் கை வீட்டுக்குப் போனாலும் நிக்காது. எதைக் கண்டாலும் பொறுக்கும்."

பிரசன்னா வாயைத் திறந்து ஏதோ ஜோக் சொல்ல ஆரம்பித்தான். பாதியில் நிறுத்தினான்.

"அக்கா... வேர்க்கடலை."

ரோஸ்லின் கியரை மாற்றினாள்.

ஜீடிமெட்லாவில், தான் வேலை பார்ப்பதாக பிளெசி சொல்லியிருந்த ஃபேக்டரி வாசலில், மருந்து நெடி கண்ணை எரித்தது. ஷிஃப்ட் முடிந்து பெண்கள் கேட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். டிபன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பிளெசி வந்தாள். ரோஸ்லினைப் பார்த்ததும் ஓட்டமாக வந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா அக்கா? டாக்டர்தானே?"

ரோஸ்லின் கையை விரித்துக் காட்டினாள்.

பிளெசியின் முகத்தில் பயம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலையைப் பறித்துவிட்டுப் பிடிபட்டவள் போல நின்றாள்.

"எங்க லைன்தான் அக்கா. கீழ போட்டு அழிக்கிற மருந்து. உள்ள நல்ல மருந்துதான், உருவம் மட்டும்தான் கோணல். ஒரு பைசா வாங்குனதில்ல அக்கா, பிள்ளை மேல சத்தியம். எல்லாரும் எனக்கு அண்ணன் தம்பி மாதிரி. வண்டி போயிட்டா அவங்க வீட்ல அடுப்பு எரியாது. அதான் கொடுப்பேன். இது தப்பா?"

"ஏனோக் ரெண்டு வெச்சுக்கிட்டது?"

"நான்தான் சொன்னேன். அவர் வேணாம்னாரு. எனக்கு ஒண்ணும் இல்லடீன்னாரு. நான்தான் சண்டை போட்டு ரெண்டைக் கையில வெச்சு அனுப்பினேன். அவங்க அப்பா மாதிரி ஆயிடக் கூடாதேன்னு..."

"பிளெசி, அவருக்கு பிரஷரே இல்ல."

அதைச் சொல்லும்போது ரோஸ்லினுக்கே தன் மேல் வெறுப்பாக இருந்தது. தன்னை நம்பி வந்தவளின் தலையில் இடியைப் போடுவதற்கா இந்தத் தொழிலுக்கு வந்தாள்?

பிளெசி முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு அவள் உதடு மெல்ல அசைந்தது. ஒவ்வொன்றாக உள்ளே போய் உட்கார்ந்தது தெரிந்தது. மூஞ்சி சிவந்தது பிரஷரால் இல்லை, வெறும் கோபத்தால். பிரேக் போடாத வண்டி. சபீனா. ஆஸ்பத்திரியில் பேசாமல் கிடக்கும் புருஷன்.

"அவருக்குத் தெரியுமா அக்கா?"

"தெரிஞ்சிருக்கு. கலேப்பும் மத்தவங்களும் அவர் தூங்கிட்டாருன்னு நினைச்சுட்டு இருக்காங்க. அவருக்கு மட்டும்தான் தெரியும், எப்போ கண்ணு இருட்டுச்சுன்னு. உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் வாயைத் திறக்கல."

பிரசன்னாவின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் காவலிருக்கும் கான்ஸ்டபிள். நேற்று பிரசன்னா பிரியாணி வாங்கிக் கொடுத்துச் சிநேகம் பிடித்து வைத்திருந்த ஆள். கேட்டுவிட்டு மெதுவாகப் போனை இறக்கினான்.

"ஏனோக் எழுதிக் கொடுத்துட்டாராம்க்கா. வண்டி ஓட்டும்போது தூங்கிட்டேன், தப்பு என் மேலதான்னு. இப்பதான் கையெழுத்துப் போட்டாராம்." ரோஸ்லினைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான். "அப்படின்னா கேஸ் முடிஞ்சுட்டு. இனிமே மாத்திரையப் பத்தி யாரும் கேக்கப் போறதில்ல."

கூட்டம் கலைந்து கேட்டடியில் அவர்கள் மூவர்தான் நின்றார்கள். ரோஸ்லின் பிளெசியின் தோளில் கையை வைத்தாள்.

"இப்போ நீ சும்மா வீட்டுக்குப் போகலாம். நீ என் க்ளையன்ட். உன்னைக் காட்டிக் கொடுக்கிறது என் வேலை இல்ல. ஆனா இன்னிக்கும் கேம்ப். இன்னிக்கும் அவங்க வெச்சிருக்காங்க. சங்கர் வண்டியை நிறுத்த மாட்டேங்கிறான். ஆளுக்கு ஒண்ணுதானே கொடுத்தே?"

பிளெசி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ரெண்டு அக்கா! ஏனோக்குக்கு அப்படி ஆனது பிரஷர் இறங்காததாலதான்னு நினைச்சேன். ரெண்டு வெச்சும் இறங்கலயேன்னு பயந்துட்டேன். இனிமே யாருக்கும் இப்படி ஆகக் கூடாதேன்னு இந்தத் தடவை எல்லாருக்கும் ரெண்டு ரெண்டா கொடுத்தேன். மத்தியானம் சாப்பிடாதீங்க, வெறும் வயித்துல சீக்கிரம் பிடிக்கும்னு வேற சொல்லி அனுப்பினேன்..."

பிரசன்னா காரின் கதவைத் திறந்தான்.

திரும்பும் வழியெல்லாம் கலேப்பின் நம்பருக்கு அடித்துக்கொண்டே வந்தான். எடுக்கவில்லை. சங்கரின் போன் பிஸி. பாலாநகர் சிக்னலில் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. எதிர்ப்பக்கம் போகிற ஒவ்வொரு வெள்ளை டவேராவையும் ரோஸ்லின் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பின்சீட்டில் பிளெசி ஜெபம் செய்யவில்லை, அழவில்லை. டிபன் பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

ஷெட்டின் கேட் திறந்திருந்தது. இன்ஜின்கள் உறுமிக்கொண்டிருந்தன. முதல் வண்டியில் யாதகிரி. அவன் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம். சங்கர் கேட்டடியில் நின்று கையை அசைத்துக்கொண்டிருந்தான்.

மாருதி நிற்பதற்குள் பிளெசி குதித்தாள். டிபன் பை கீழே விழுந்தது. அவள் கேட்டுக்கு நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள். யாதகிரியின் பம்பர் அவள் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

"யாதகிரி அன்னா, திகண்டி! இறங்குங்க!"

"யாரும்மா நீ? வழியை விடு!" சங்கர் ஓடி வந்தான்.

அவள் சங்கரைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு கண்ணாடிக்குப் பின்னாலும் இருக்கும் முகத்தைப் பார்த்துத் தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றிக் கத்தினாள். "ஏனோக்குக்கு பிரஷரே இல்ல. நான் கொடுத்ததுதான் அவரைக் கவுத்துச்சு. அந்தப் பொண்ணு செத்தது என்னாலதான். உங்க எல்லாருக்கும் கொடுத்தது நான்தான். நீங்க யாரும் எதையும் ஒத்துக்க வேணாம். வாயே திறக்க வேணாம். கீழ மட்டும் இறங்குங்க!"

ஒருவனும் அசையவில்லை. பின்னாலிருந்து ஒரு ஹாரன் நீளமாக அடித்தது. சங்கர் அவள் கையைப் பிடித்து இழுத்தான். பிரசன்னா சங்கரின் கையைப் பிடித்து இழுத்தான்.

அப்போது நடுவில் ஏதோ ஒரு வண்டியின் இன்ஜின் அணைந்தது. கலேப் இறங்கினான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகு இன்னொன்று. பிறகு அதற்கடுத்தது. உறுமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் யாதகிரியின் வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவளையே பார்த்தான். முகம் செவசெவவென்று இருந்தது. பிறகு, சரி போ என்கிற மாதிரி தலையை அசைத்துவிட்டுக் கதவைத் திறந்தான்.

காலைக் கீழே வைத்தான். நிமிர்ந்தான். இரண்டடி நடந்தான். கேட்டைப் பிடிக்கக் கையை நீட்டினான். கை கேட்டைத் தொடவில்லை. அவ்வளவு பெரிய ஆள் வேரோடு சாய்ந்தது போல பிளெசியின் காலடியில் விழுந்தான்.

டாக்டர் ஓடி வந்து அவன் கால்களைத் தூக்கி சங்கரின் தோளில் வைத்தார். "பிடி! இறக்காதே!" சங்கர் இரண்டு போனையும் கீழே போட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டான். டாக்டர் பட்டையைச் சுற்றிக் கேட்டார். மறுபடியும் கேட்டார். நெடுநேரம் கழித்து, "இருக்கான்" என்றார். மற்ற டிரைவர்களை அப்படி அப்படியே தரையில் படுக்கச் சொன்னார். ஒருவன் எதிர்த்துப் பேசவில்லை. தகரக் கூரையின் நிழலில் வரிசையாகப் படுத்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட அத்தனை பேரையும் ரோஸ்லின் ஒவ்வொருவராக எண்ணினாள். வண்டிகள் கிளம்பியிருந்தால் கொஞ்ச நேரத்தில் இவர்கள் கொண்டாப்பூர் ரோட்டில், பின்சீட்டில் நாலு நாலு பேரோடு போய்க்கொண்டிருந்திருப்பார்கள்.

யாதகிரி கண்ணைத் திறந்தான். அவன் தலையை மடியில் வைத்திருந்த பிளெசி, அவன் முகத்தில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு எழுந்தாள்.

"அக்கா, அந்த கான்ஸ்டபிளுக்கு போன் போடுங்க. அவர் எழுதிக் கொடுத்தது பொய்னு சொல்லுங்க. நான் வர்றேன்னு சொல்லுங்க."

"நானும் வர்றேன். வக்கீலுக்குச் சொல்லிடுறேன்."

"ஸ்டேஷனுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்குப் போகணும் அக்கா. அவர்கிட்ட யாரும் எதுவும் சொல்லக் கூடாது. நானேதான் சொல்லணும்."

"அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே பிளெசி."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரியாதே அக்கா."